களைத்து விழுந்தவர்கள் மனம் தளர்ந்தவர்கள் அல்லர்: ஆகஸ்ட் குரோக் அளந்து காட்டிய உண்மை

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 14 ஆம் திகதி உலக நீரிழிவு தினம் நினைவுகூரப்படுகிறது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரெட்ரிக் பாண்டிங்கின் பிறந்த நாள் அது. அதற்கு மறுநாள், நவம்பர் 15, இன்னொரு விஞ்ஞானியின் பிறந்த நாள். அவரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த அவருடைய பெயர் ஆகஸ்ட் குரோக். 1920 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்.

நான் வன்னிப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சிக் காலத்தில் குரோக்கின் பெயரைப் பாடக்குறிப்பில் ஒரு வரியாக எழுதியிருக்கிறேன். அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தது மிகவும் பிந்தித்தான். அதற்குக் காரணம் ஒரு கேள்வி. நீண்ட தூரம் ஓடுகிற, நடக்கிற, சுமக்கிற மனிதன் ஒரு கட்டத்தில் ஏன் அப்படியே நின்றுவிடுகிறான்? எங்களிடையே இதற்கு எப்போதும் ஒரே பதில்தான்: மனவுறுதி போதாது. விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறோம். 2009 இல் வீதியோரம் இருந்துவிட்டவர்களைப் பற்றிப் பேசும்போதும் சிலர் அதையே சொல்கிறார்கள். குரோக்கின் வாழ்க்கை இதற்கு வேறொரு பதிலைத் தருகிறது.

கப்பல் கட்டுபவரின் மகன்

1874 இல் டென்மார்க்கின் ஜட்லாந்துக் கரையில் உள்ள கிரேனா என்ற சிறு துறைமுகப் பட்டினத்தில் குரோக் பிறந்தார். தந்தை கப்பல் கட்டும் தொழில் செய்தவர். 1980களில் இருந்து எமது உறவுகள் பலர் அகதிகளாகச் சென்று குடியேறியதும் இதே ஜட்லாந்தில்தான். சிறுவன் குரோக்குக்குக் கடலிலும் பூச்சிகளிலும் தீராத ஆசை. கடற்படையில் சேர நினைத்தவர், பின்னர் 1893 இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே உடற்றொழிலியல் பேராசிரியர் கிறிஸ்டியன் போரின் உதவியாளரானார். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தந்தைதான் இவர்.

குரோக்கின் திறமை கைகளில் இருந்தது. தேவையான கருவி கடையில் இல்லையென்றால் தானே செய்துகொள்வார். மூச்சுக் காற்றில் உள்ள ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் மிக நுட்பமாக அளக்கும் கருவிகளை அவர் இப்படித்தான் உருவாக்கினார். நுரையீரல் தன் முயற்சியால் ஒட்சிசனைச் சுரந்து குருதிக்குள் தள்ளுகிறது என்று அவருடைய பேராசிரியர் நம்பியிருந்தார். குரோக் அளந்து பார்த்தார். வாயு தானாகவே பரவிச் செல்கிறது, அதற்குமேல் எதுவும் தேவையில்லை என்று அளவுகள் காட்டின. 1910 இல் ஏழு சிறிய கட்டுரைகளாக அதை வெளியிட்டார். குரு சொன்னார் என்பதற்காக அளவை மாற்றவில்லை.

அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் மனைவி மரீ. 1905 இல் திருமணம் செய்துகொண்டார்கள். மரீ ஒரு வைத்தியர், அதோடு தன்னளவிலேயே ஓர் ஆய்வாளர். நுரையீரலில் வாயுக்கள் பரவும் அளவை மனிதரில் அளக்கும் முறையை வகுத்து 1914 இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1908 இல் இருவரும் கிறீன்லாந்துக்குப் போய், இறைச்சியையும் கொழுப்பையுமே பிரதான உணவாகக் கொண்ட இனுயிட் மக்களின் உடல் அந்த உணவை எப்படிப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். சோறும் பாணும் இல்லாமலும் மனிதர் வாழ முடியும் என்பதை நேரில் கண்டவர் குரோக். அதனால்தான் பின்னர் அவர் மாப்பொருளைப் பற்றிச் சொன்னதற்குப் பெறுமதி அதிகம்.

சைக்கிளும் மூச்சும்

உடல் உழைப்புக்கு எரிபொருள் எது என்பது அந்தக் காலத்தில் தீராத வாதம். தசை வேலை செய்யும்போது புரதம்தான் எரிகிறது என்று 19 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் போதித்திருந்தார். அது பிழை என்று பின்னர் காட்டப்பட்டபோதும் நம்பிக்கை போகவில்லை. எங்கள் ஊரிலும் போட்டிக்கு முதல் நாள் முட்டையும் இறைச்சியும் கொடுத்தால் பிள்ளை நன்றாக ஓடும் என்று நினைக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

குரோக்கோடு இந்த ஆய்வில் சேர்ந்தவர் யொஹானஸ் லிண்ட்ஹார்ட் என்ற வைத்தியர். அவர் கிறீன்லாந்தின் வடகிழக்குக் கரைக்குச் சென்ற ஆய்வுப் பயணம் ஒன்றில் இரண்டு வருடங்கள் பனியில் உழைத்துத் திரும்பியவர். கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிக் கல்விக்குப் பொறுப்பாக இருந்தவர். குரோக் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிள் ஒன்றைச் செய்தார். காந்தத்தால் அதன் சில்லுக்குத் தடை கொடுத்து, மிதிப்பவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைத் துல்லியமாக நிர்ணயிக்கலாம். மிதிப்பவரின் மூச்சுக் காற்றைச் சேகரித்து அளப்பார்கள்.

அடுப்பில் எந்த விறகு எரிகிறது என்பதைப் புகையை வைத்துச் சொல்வதுபோல, உடலில் எது எரிகிறது என்பதை மூச்சை வைத்துச் சொல்லலாம். மாப்பொருளும் சீனியும், அதாவது பாடப்புத்தகம் காபோவைதரேற்று என்று சொல்வது, எரியும்போது உட்கொள்ளும் ஒட்சிசனும் வெளிவிடும் காபனீரொட்சைட்டும் சம அளவு, விகிதம் 1. கொழுப்பு மட்டும் எரிந்தால் விகிதம் ஏறத்தாழ 0.7. இரண்டும் கலந்து எரிந்தால் இடைப்பட்ட ஓர் எண் வரும். அந்த எண்ணில் இருந்து எது எவ்வளவு எரிந்தது என்று கணக்கிடலாம்.

சில நாட்கள் கொழுப்பு மிகுந்த உணவு, பிறகு சில நாட்கள் மாப்பொருள் மிகுந்த உணவு என்று ஒரே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரே அளவு வேலையை வாங்கினார்கள். முடிவு 1920 இல் வெளியானது. கொழுப்பில் ஓடும் உடல் அதே வேலைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதிக சக்தியைச் செலவிட்டது. அதைவிட முக்கியமானது ஆட்களின் அனுபவம். கொழுப்பு உணவு உண்ட நாட்களில் அதே சைக்கிள் அவர்களுக்குப் பாரமாக இருந்தது, சீக்கிரம் களைத்தார்கள். மாப்பொருள் உண்ட நாட்களில் அதே வேலை இலகுவாக இருந்தது. மனிதர் மாறவில்லை, மனவுறுதி மாறவில்லை. மாறியது சாப்பாடு மட்டும்தான்.

நோபல் பரிசு அவருக்கு இதற்காகக் கிடைக்கவில்லை. ஓய்வில் இருக்கும் தசையில் மயிர்க்குழாய்கள் பல மூடிக்கிடக்கின்றன; வேலை தொடங்கியதும் அவை திறந்து குருதியை வழங்குகின்றன என்று கண்டறிந்ததற்கே அந்தப் பரிசு. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள். ஒன்று எரிபொருள் எது என்பது, மற்றது அதை எரிக்கத் தேவையான ஒட்சிசன் தசைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது.

இருப்பு எவ்வளவு?

எமது உடலில் கொழுப்பு மெலிந்தவரிடமும் பல நாட்களுக்குப் போதுமான அளவு உண்டு. மாப்பொருள் அப்படியில்லை. அது கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. நன்றாக உண்ட ஒரு வளர்ந்தவரின் தசைகளில் ஏறத்தாழ 400 கிராம், ஈரலில் ஏறத்தாழ 100 கிராம். எல்லாம் சேர்த்து 2,000 கலோரி அளவுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் முழு மரதனான 42 கிலோமீற்றரை ஓடி முடிக்க ஏறத்தாழ 2,500 கலோரி வேண்டும். கொழுப்பும் பங்களிக்கும். ஆனால் வேகம் கூடக்கூட உடல் மாப்பொருளையே அதிகம் கேட்கும். அந்த இருப்பு தீர்ந்தால் வேகத்தைத் தக்கவைக்க முடியாது.

குரோக்கின் கட்டுரை வந்து நான்கு வருடங்களில், 1924 இல், அமெரிக்காவின் பொஸ்டன் மரதனை ஓடி முடித்தவர்களின் குருதியை வைத்தியர் சாமுவேல் லெவினும் சகாக்களும் சோதித்தார்கள். மிகவும் சோர்ந்து, முகம் வெளிறி, தடுமாறி வந்தவர்களின் குருதியில் சீனி மிகவும் குறைந்திருந்தது. அடுத்த வருடம் ஓட்ட வீரர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் மாப்பொருளை அதிகமாகக் கொடுத்து, ஓடும் வழியில் இனிப்புகளும் கொடுத்தார்கள். அந்தத் தடுமாற்றம் தடுக்கப்பட்டது.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். பாடசாலை மரதன் சில கிலோமீற்றர்கள்தான். நன்றாக உண்ட பிள்ளையின் இருப்பை அது தீர்க்காது. அவள் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள். கடைசிக் கிலோமீற்றரில் கால்கள் பின்னி, வீதியின் குறுக்கே நடந்து, பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாமல் நின்றாள். சீனி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். சிறிது நேரத்தில் நிமிர்ந்து, போட்டி முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் குடித்தது வெறும் தேத்தண்ணி மட்டும். மீள்குடியேறிய வீடு, தாய் மட்டும், நாட்கூலி. பக்கத்தில் நின்றவர்கள் பிள்ளைக்குப் பயம் என்றார்கள்.

மரீயின் நோய்

நோபல் பரிசு பெற்ற சில காலத்திலேயே குரோக்கின் வீட்டுக்குள் இதே மாப்பொருள் வேறு முகத்தோடு வந்தது. மரீக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. உழைப்புக்குச் சிறந்த எரிபொருள் எதுவென்று கணவர் அளந்து காட்டியிருந்தாரோ, அதுவே மனைவியின் குருதியில் பயன்படாமல் தேங்கியது. இன்சுலின் இல்லாத அந்தக் காலத்தில் உணவை, முக்கியமாக மாப்பொருளை, கடுமையாகக் குறைப்பதே வைத்தியம்.

1922 இல் யேல் பல்கலைக்கழகத்தில் விரிவுரைகள் ஆற்ற குரோக் அமெரிக்கா போனார். மரீயும் கூடப் போனார். ரொறன்ரோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை அறிந்த மரீ, அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். குரோக் ரொறன்ரோவுக்குச் சென்று பேராசிரியர் மக்லியோடைச் சந்தித்தார். டென்மார்க்கில் இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு குரோக் திரும்பினார். மரீயின் வைத்தியரான ஹகெடோர்னோடு சேர்ந்து, அந்த டிசெம்பர் மாதமே மாட்டின் சதையியில் இருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார். 1923 இல் டென்மார்க் நோயாளர்களுக்கு அது கிடைத்தது. அவர்கள் தொடங்கிய நோர்டிஸ்க் ஆய்வுகூடம், பிறகு உருவான நோவோ என்ற நிறுவனத்தோடு 1989 இல் இணைந்தது. உலகெங்கும் இன்சுலின் வழங்கும் பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் வேர் இதுதான். மரீ இந்த மருந்து வந்த பிறகு இருபது வருடங்கள் வாழ்ந்தார். 1943 இல் காலமானார்.

எனது அக்காவுக்கும் சலரோகம். இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தவர். வன்னியில் மின்சாரம் இல்லாத வருடங்களில், ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் மருந்துக் குப்பியை வைத்துப் பாதுகாத்தார். கடைசி இடப்பெயர்வுகளில் பானையும் போனது, மருந்தும் போனது. 2009 ஏப்ரலில் அவர் எம்மைவிட்டுப் போனார். நடக்கமாட்டேன் என்று இருந்துவிட்டார், மனம் விட்டுவிட்டார் என்று உறவுகள் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் இன்சுலின் தேவையான உடலில் அது இல்லாதபோது, குருதியில் சீனி நிரம்பி வழிந்தாலும் தசைக்குள் அது போதுமான அளவு போவதில்லை. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் கதவு திறக்காத வீடு அது. அக்காவின் மனம் எதையும் கைவிடவில்லை.

களைப்பு தலையிலும் நடக்கிறது

1928 இல் ரொக்பெல்லர் மன்றத்தின் நிதியோடு கொப்பன்ஹேகனில் பெரிய ஆய்வு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. குரோக்கும் லிண்ட்ஹார்ட்டும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். அங்கே வளர்ந்த இளைஞர்களுள் ஒருவர் எரிக் ஹோவு கிறிஸ்டென்சன். அவரும் ஹான்சன் என்பவரும் 1939 இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் உடற்கல்விப் புத்தகங்களில் உள்ளன. கடும் வேகத்தில் சைக்கிள் மிதித்தவர்கள், சில நாட்கள் கொழுப்பு உணவு உண்டபின் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் நின்றுவிட்டார்கள். மாப்பொருள் உணவு உண்டபின் ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்கள் மிதித்தார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள். இனி முடியாது என்று நின்றவருக்கு 200 கிராம் குளுக்கோசு கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் அவர் மீண்டும் ஏறி, மேலும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் மிதித்தார். ஆனால் மூச்சின் விகிதம் அதிகம் மாறவில்லை. அதாவது தசையில் எரிவது பெரிதாக மாறவில்லை. அப்படியானால் அந்தச் சீனி எங்கே வேலை செய்தது? மூளையில் என்று அவர்கள் கருதினார்கள். வழமையாக மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசை எரிக்கிறது. குருதியில் அது குறைந்தால் கை நடுங்கும், கண் மங்கும், தீர்மானம் எடுக்க முடியாமற் போகும், உட்கார்ந்துவிட வேண்டும் போல இருக்கும். நாங்கள் மனவுறுதி என்று அழைப்பதும் உணவைத் தின்றுதான் உயிர்வாழ்கிறது.

முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பற்றி இங்கே ஒரு கணக்குச் சொல்லவேண்டும். ஐம்பது கிராம் அரிசியில் ஏறத்தாழ 40 கிராம் மாப்பொருள் உண்டு. உப்பும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் அது ஒருவரின் மூளைக்கு ஒரு நாளில் தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு. ஈரலின் இருப்பு ஏறத்தாழ ஒரு நாள் பட்டினியில் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் தன் தசைகளைக் கரைத்துச் சீனி செய்யும். பட்டினி நீண்டால் கொழுப்பில் இருந்து மாற்று எரிபொருளும் செய்யப் பழகும். உயிர் நிற்கும், ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வலு நிற்காது. வரிசையில் நின்று பெற்ற அந்த ஒரு கோப்பை, வயிற்றை ஏமாற்றிய தண்ணீர் அல்ல. அடுத்த பங்கர் வரைக்குமான நடை அதில் இருந்தது. அந்தக் கோப்பை கிடைக்காதவர்கள் நின்றுபோனார்கள். அவர்களை மனம் தளர்ந்தவர்கள் என்று சொல்ல எமக்கு உரிமை இல்லை.

அகதியாக ஒரு விஞ்ஞானி

1940 ஏப்ரலில் ஜேர்மனியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. ஆக்கிரமிப்புக் காலத்தில் குரோக்கும் தலைமறைவாகி, சுவீடனுக்குத் தப்பிப் போகவேண்டி வந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்த நோபல் பரிசாளர், ஆய்வுகூடத்தை விட்டு, அயல்நாட்டில் அகதியாக இருந்தார். 1945 இல் போர் முடிந்ததும் நாடு திரும்பினார்.

கிறிஸ்டென்சனும் 1941 இல் சுவீடன் தலைநகர் ஸ்ரொக்ஹோமுக்குப் பேராசிரியராகப் போயிருந்தார். குரோக்கும் லிண்ட்ஹார்ட்டும் தொடங்கிவைத்த கேள்வி அந்த நகரிலேயே முழுமை பெற்றது. 1966 இல் பேர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இருவர் தங்களையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரு சைக்கிளில் ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்துக் களைத்து, ஊசியால் தசையில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் தீர்ந்திருந்தது. மூன்று நாட்கள் மாப்பொருள் உண்டபின் அதே காலில் மற்றக் காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்ந்திருந்தது.

குரோக் அதைக் காண உயிரோடு இல்லை. ஓய்வுபெற்ற பின் வீட்டோடு இருந்த சிறு ஆய்வுகூடத்தில் இளம் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து பாலைவன வெட்டுக்கிளிகள் பறப்பதை ஆராய்ந்தார். நீண்ட தூரம் பறக்கும்போது அவை கொழுப்பையே எரிக்கின்றன என்று அவற்றின் மூச்சு காட்டியது. சிறுவயதில் பூச்சிகளை நேசித்தவர் கடைசியில் பூச்சிகளிடமே திரும்பி, அதே பழைய கேள்வியைக் கேட்டார். 1949 செப்டெம்பர் 13 இல் காலமானார்.

எமக்கு எஞ்சுவது

இன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீளும் கடும் பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாப்பொருள் எடுக்கலாம் என்று விளையாட்டு வைத்தியம் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அதற்கு விலை உயர்ந்த பானம் எதுவும் வேண்டாம். முதல் நாள் இரவு வயிறு நிறையச் சோறு அல்லது புட்டு, ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு முன் இடியப்பமோ பாணோ, ஒரு வாழைப்பழம், சிறிது உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் போதும். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் தமது கிளினிக் வைத்தியரைக் கேட்டே இதைச் செய்யவேண்டும்.

தை, மாசி மாதங்களில் வடக்கு கிழக்கெங்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும். பழைய மாணவர்களும் புலம்பெயர் உறவுகளும் வெற்றிக் கிண்ணங்களுக்கும் சீருடைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கை, மரதன் பயிற்சி நடக்கும் வாரங்களில் அந்தப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓடு என்று சொல்வதற்கு முன், சாப்பிட்டாயா என்று ஆசிரியரும் ஒருமுறை கேட்கட்டும்.